மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டில் உதவியாளர் வேலை: சேலம், ஏற்காட்டில் புதிதாக இறங்குபவர்களுக்கு

"வீட்டோட இருந்தா போதும், மூணு வேளைச் சோறு, மாசமானா சம்பளம், கஷ்டமே இல்லீங்க" என்று சொல்லித்தான் இந்த வேலைக்கு ஆள் கூப்பிடுவார்கள். கஷ்டம் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, எந்தக் காகிதம் முதலில், எது பிறகு, சம்பளத்தை எப்படிப் பேசுவது, எதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தர ஆளில்லாததுதான். பிரவுசிங் சென்டர், காவல் நிலையம், ஆட்சியர் அலுவலகம் என்று அலைந்து நான் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். பெண்ணைக் குளிப்பாட்டி உடை மாற்றப் பெண்ணைத்தான் தேடுவார்கள். முதுகுத்தண்டில் அடிபட்ட ஆணைத் தூக்கி உட்கார வைக்க ஆண் உதவியாளர் கிடைப்பது அரிது. அதனால் இளைஞர்கள் தயங்க வேண்டாம்.

1. வேலை எதுவரை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. நம்மைக் கூப்பிடுவது பெரும்பாலும் சில வகை வீடுகள்தான்: விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், மூளை முடக்குவாதம் உள்ளவர், தசைச்சிதைவு நோய் உள்ளவர், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளை அல்லது பெரியவர். சம்பளத்துக்கு வந்தாலும் சம்பளம் இல்லாமல் பார்த்தாலும் அந்தச் சட்டம் நம்மைப் பராமரிப்பாளர் என்றே சொல்கிறது.

நம் வேலை: எழுப்பி உட்கார வைப்பது, பல் விளக்கி விடுவது, குளிப்பாட்டுவது அல்லது உடம்பு துடைப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, ஊட்டுவது, படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது, சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய வைப்பது, வெளியே கூட்டிப் போவது.

நம் வேலை அல்லாதது: ஊசி போடுவது, மூக்கு வழி டியூப் செருகுவது, மூத்திர டியூப் மாற்றுவது, மாத்திரை அளவைக் கூட்டிக் குறைப்பது. "போன ஆளு போட்டுச்சே, நீ போட மாட்டியா" என்று கேட்பார்கள். போடாதீர்கள். நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர் செய்ய வேண்டிய வேலை அது. ஏதாவது ஆனால் போன ஆளைத் தேட மாட்டார்கள், உங்களைத்தான் பிடிப்பார்கள்.

2. காகிதங்களை இந்த வரிசையில் வாங்குங்கள்

வரிசை முக்கியம். ஒன்று சரியில்லையென்றால் அடுத்தது நின்றுவிடும்.

முதலில் ஆதாரில் இப்போது பயன்படுத்தும் கைப்பேசி எண் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்குப் பழைய எண், பழைய முகவரி இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கணவர் கணக்கு, அண்ணன் கணக்கு வேண்டாம்.

அடுத்தது காவல்துறை நன்னடத்தைச் சரிபார்ப்பு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தனிநபருக்கு விண்ணப்பிக்கலாம். நான் கட்டியது 500 ரூபாய். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போதும். உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து விசாரிப்பார்கள். ஆதாரில் உள்ள வீட்டில் நீங்கள் இல்லையென்றால் அங்கேயே நிற்கும். இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. சில பிரவுசிங் சென்டரில் "போலீஸ் சர்டிபிகேட்" என்று கேட்டால் பாஸ்போர்ட் அலுவலக விண்ணப்பத்தைத் திறந்துவிடுவார்கள். அது வெளிநாடு போகிறவர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது மாநிலக் காவல்துறையின் வேலைக்கான சரிபார்ப்பு. பணம் கட்டுவதற்கு முன் திரையை எட்டிப் பாருங்கள்.

மூன்றாவது உடல் தகுதி. அரசு மருத்துவரிடம் தகுதிச் சான்று, நெஞ்சு எக்ஸ்ரே. கூடவே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. மூன்றும் முடிய அரை வருஷம் ஆகும் என்பதால் வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ரத்தமும் புண்ணும் கையாளும் வேலை இது.

நான்காவது இ-ஷ்ரம் அட்டை. 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர் இலவசமாகப் பதியலாம். பதிய 200 ரூபாய், 300 ரூபாய் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிஎஃப், ஈஎஸ்ஐ உள்ளவர்கள் இதில் சேர முடியாது. பழைய மில் வேலையின் பிஎஃப் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால் பதிவு தடைபடலாம்.

ஐந்தாவது தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம். 18 முதல் 60 வயதுக்குள் பதிய வேண்டும். தொழிலாளர் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ தேவை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் இந்தப் பதிவை வைத்துத்தான். இடையில் விட்டுப்போகாமல் புதுப்பித்த அட்டையாக இருக்க வேண்டும்.

வங்கிக்குப் போகும்போதே பிரதமர் விபத்துக் காப்பீட்டையும் கேளுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிப்பார்கள், 2 லட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு. முதுகை நம்பிப் பிழைக்கிறவர்கள் இந்த 20 ரூபாயை யோசிக்கக் கூடாது.

3. பயிற்சி: எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கூடாது

சான்றிதழ் இல்லாமலும் வேலை கிடைக்கும். ஆனால் கையில் பழக்கமில்லாமல் போனால் முதல் மாதமே உங்கள் இடுப்பு போய்விடும், அல்லது அவருக்குப் படுக்கைப்புண் வந்துவிடும்.

இந்திய மறுவாழ்வு மன்றம் 2021-இல் தொடங்கிய சமூகம் சார்ந்த உள்ளடக்கிய மேம்பாட்டுப் பயிற்சி (சிபிஐடி) ஆறு மாதம். திறன் இந்தியா திட்டத்தின் கீழ் ஹோம் ஹெல்த் எய்ட், ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று இரண்டு பயிற்சிகள் உண்டு. எங்கே எப்போது வகுப்பு நடக்கிறது என்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேளுங்கள். அரசு செலவில் நடக்கும் வகுப்பு என்றால் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தூரம் பரவாயில்லை என்பவர்கள் அங்கே நடக்கும் பயிற்சிகளை விசாரிக்கலாம்.

பணம் போகும் இடம் வேறு. "ஒரு வருஷ நர்சிங் டிப்ளமோ, வேலை உத்தரவாதம்" என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். பதிவு பெற்ற நர்ஸ் ஆக வேண்டுமென்றால் ஏஎன்எம் இரண்டு வருஷம், ஜிஎன்எம் மூன்று வருஷம். ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆக வழியே இல்லை. அந்தச் சான்றிதழோடு உதவியாளர் வேலைக்குத்தான் வருவீர்கள். அதற்கு ஏன் பத்தாயிரக்கணக்கில் கட்ட வேண்டும்?

இலவசமாகக் கிடைக்கும் நல்ல பயிற்சி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வலிநிவாரணச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள். "சார், இந்தக் காலை எப்படிப் பிடிக்கணும், நான் ஒரு தடவை பண்றேன், பாருங்க" என்று கேளுங்கள். வீட்டார் நம்பி விட்டுச் செல்லும் ஆளை அவர்களுக்கும் பிடிக்கும், சலிக்காமல் சொல்லித் தருவார்கள்.

4. வேலை தேடுவது

மூன்று வழி. ஏஜென்சி, நேரடி அறிமுகம், சிறப்புப் பள்ளி அல்லது இல்லங்கள் மூலம் வரும் தொடர்பு.

ஏஜென்சி வேகமாக இடம் காட்டும். ஆனால் மூன்றைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். வீட்டில் வாங்கும் தொகை எவ்வளவு, அதில் உங்களுக்கு எவ்வளவு? சம்பளம் எந்தத் தேதியில், யார் கணக்கிலிருந்து வரும்? ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா? பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு ஈஎஸ்ஐ உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், மிச்சம் 3.25 அவர்கள் பொறுப்பு. "உங்களுக்குக் கமிஷன்தான், நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல" என்று சொன்னால் அது காகிதத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அசல் சான்றிதழை எந்த ஏஜென்சியிடமும் கொடுக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை வைத்துக்கொண்டு வேலையை விட விடாமல் இழுத்தடிப்பது இந்தத் தொழிலில் பழைய வேலை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அதைத் திரும்ப வாங்க வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போனார்.

நேரடி அறிமுகம்தான் எனக்குப் பிடித்த வழி. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயன்முறைப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஆட்கள் வந்துபோகிறார்கள், சிறப்புப் பள்ளி வாசலில் அம்மாக்கள் காத்திருக்கிறார்கள். "ஆள் வேணும்னா சொல்லுங்க" என்று இங்கே சொல்லிவைத்தால் தாமதமாகத்தான் வரும், ஆனால் வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்தே போவீர்கள். அஸ்தம்பட்டி, பேர்லேண்ட்ஸ் பக்கம் சம்பளம் கூடுதலாகப் பேசுவார்கள். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறிவீடுகளில் குறைவாக இருக்கும், வாசப்படி உயரம், குளியலறை சின்னது. ஆனால் அந்த வீடுகளில் ஆளும் பேரும் எப்போதும் நடமாட்டம் இருப்பதால் தூக்க ஒரு கை கூட இருக்கும்.

5. முதல் சந்திப்பு

சம்பளம் பேசுவதற்கு முன் யாருக்கு உதவப் போகிறீர்களோ அவரிடம் பேசுங்கள். பணம் தருவது அவருடைய அண்ணனாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம். உடம்பு அவருடையது. "அவனுக்கு என்னங்க தெரியும், நான் சொல்றேன்" என்று குறுக்கே வந்தாலும், அவரைப் பார்த்தே கேளுங்கள்: எப்படித் தூக்கினால் வலிக்காது, எந்தப் பக்கம் படுக்கப் பிடிக்கும், குளிக்கும்போது யார் இருக்கலாம், யார் கூடாது. பேச்சு வராதவர் என்றால் கண்ணாலோ கையாலோ ஆம், இல்லை எப்படிச் சொல்வார் என்று வீட்டாரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

கூப்பிடும் விதமும் அன்றே முடிவாகட்டும். நாற்பது வயது ஆளை "பாப்பா", "குட்டி" என்று கொஞ்சுவது நம் ஊரில் சாதாரணம். அண்ணா, அக்கா, பெயரோடு சார், எது அவருக்குப் பிடிக்குமோ அதைக் கேட்டு அப்படியே கூப்பிடுங்கள். உங்களை "கண்ணு" என்று கூப்பிட்டால் அது சேலத்துப் பாசம், வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டையும் ஒரு கண் பாருங்கள். கழிப்பறை வாசல் வீல்சேர் நுழையும் அகலமா, கமோடு நாற்காலி இருக்கிறதா, மாடியா, லிஃப்ட் உண்டா, நீங்கள் படுக்க இடம் எது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, கேமரா எங்கெங்கே வைத்திருக்கிறார்கள். ஹாலில் கேமரா இருந்தால் சரி. நீங்கள் உடை மாற்றும் அறையிலும் அவரைக் குளிப்பாட்டும் இடத்திலும் இருக்கவே கூடாது.

6. சம்பளக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். மாதத் தொகையைக் கேட்டு மயங்காதீர்கள், மணிக்கு வகுத்துப் பாருங்கள்.

காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, வாரம் ஒரு நாள் லீவு, மாதம் 15,000 ரூபாய் என்று பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 26 நாள், நாளைக்கு 12 மணி நேரம், மொத்தம் 312 மணி. மணிக்கு 48 ரூபாய் வருகிறது. இன்னொரு வீட்டில் தங்கி வேலை, சாப்பாடு போட்டு 18,000 ரூபாய். 3,000 கூடுதல் என்று சந்தோஷப்படுவோம். 30 நாள், 24 மணி நேரம் என்றால் 720 மணி. மணிக்கு 25 ரூபாய்தான். 2018-இல் தமிழ்நாடு அரசு வீட்டுப் பணியாளர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 37 முதல் 39 ரூபாய், தங்கி வேலை செய்தால் அதற்கு மேல் 10 சதவீதம். 18,000 அந்தப் பழைய கணக்குக்கும் கீழே போய்விடுகிறது.

"ராத்திரி தூங்கத்தானே போறீங்க" என்பார்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டியவர் வீட்டில் யாரும் தூங்க முடியாது. எனவே இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கும் என்று கேட்டு, அதற்குத் தனியாகப் பேசுங்கள். அல்லது இரவுக்கு வீட்டார் ஒருவர் பொறுப்பு என்று முடிவாகட்டும். என் கருத்தில், ஒரே ஆளை 24 மணி நேரமும் வைத்துக்கொள்வது அந்த ஆளுக்கும் ஆபத்து, படுத்திருப்பவருக்கும் ஆபத்து. தூக்கம் இல்லாத கையால் தூக்கினால் இருவரும் விழுவார்கள்.

இவற்றையும் தொகையில் சேர்த்துப் பேசுங்கள்: போக்குவரத்துச் செலவு, தீபாவளிக்கு என்ன, லீவு நாளில் கூப்பிட்டால் எவ்வளவு, கையுறை, சோப்பு, பேம்பர்ஸ் யார் வாங்குவது. கையுறை 100 பெட்டி ஒன்றை வீட்டில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் காசில் வாங்கத் தொடங்கினால் அது உங்கள் செலவாகவே நின்றுவிடும்.

7. ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து

முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். அதில் இருக்க வேண்டியவை: தொடங்கும் தேதி, நேரம், லீவு, சம்பளம், தரும் தேதி, வங்கி வழியாகவா, செய்யும் வேலைகள், செய்யாத வேலைகள், வேலையை விட எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவசரத்துக்கு யாரை அழைப்பது.

செய்யாத வேலைகள் என்ற வரியை விடாதீர்கள். உதவியாளராகப் போன வீட்டில் முதல் மாதம் "அப்படியே ரெண்டு பாத்திரம்", இரண்டாம் மாதம் "துணியும் சேத்துப் போட்டுருங்க", மூன்றாம் மாதம் நீங்கள் முழுநேர வீட்டு வேலைக்காரர். அவருடைய துணி, அவருடைய பாத்திரம், அவருடைய அறை உங்கள் வேலை. முழு வீட்டுக்கும் சமைப்பது இல்லை. சமைக்கச் சம்மதம் என்றால் அதற்கு வேறு தொகை.

எழுதச் சொன்னால் சில வீட்டார் முகம் சுளிப்பார்கள். "நம்பிக்கை இல்லையா?" என்பார்கள். "நாளைக்கு உங்க பக்கம் பேச்சு மாறினாலும், என் பக்கம் மாறினாலும், ரெண்டு பேருக்கும் இது நல்லதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் ஒத்துவராத வீட்டை நான் விட்டுவிடுவேன்.

8. முதல் வாரம்: கைக்கு வர வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எழுந்த நேரம், சாப்பிட்டது, மாத்திரை கொடுத்த நேரம், மூத்திரம், மலம், தோலில் சிவப்பு, வலிப்பு வந்தால் எத்தனை நிமிஷம், எல்லாம் அதில். டாக்டர் கேட்கும்போது வீட்டார் யோசிப்பார்கள், நீங்கள் நோட்டைப் பிரிப்பீர்கள்.

படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். வீல்சேரில் இருப்பவரை அரை மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது முன்னால் சாய்த்தோ பக்கவாட்டில் சாய்த்தோ எடையை மாற்றுங்கள். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், குதிகால், இடுப்பெலும்பு ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு போகவில்லையென்றால் அன்றே சொல்லிவிடுங்கள். ஏர் பெட் போட்டுவிட்டால் புரட்ட வேண்டாம் என்பது தவறு.

தூக்குவதற்கு முன் வீல்சேர் பிரேக்கைப் போடுங்கள், கால்தாங்கியை ஒதுக்குங்கள். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். அக்குளில் கை கொடுத்து இழுக்கவே கூடாது, தோள் இறங்கிவிடும். "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று அவரோடு சேர்ந்து எண்ணிவிட்டு எழுப்புங்கள். இடுப்புப் பட்டையோ, படுக்கைக்கும் வீல்சேருக்கும் நடுவே வைத்து நகர்த்தும் சறுக்குப் பலகையோ இருந்தால் பயன்படுத்துங்கள். உங்களைவிட எடை கூடியவரைத் தனியாகத் தூக்குவது வீரம் இல்லை.

ஊட்டும்போது நன்றாக உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே இருக்கும்படி, சின்னச் சின்ன வாயாக. முடிந்து அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு வீட்டார் பாசத்தில் தட்டுவடை செட்டை நீட்டுவார்கள். சேலத்துக்காரர்களுக்கு அதை வேண்டாம் என்று சொல்வது கொடுமைதான், ஆனாலும் டாக்டர் எதையெல்லாம் குழைத்துத் தரச் சொன்னாரோ அதைத் தவிர வேறு வேண்டாம். தொண்டையில் சிக்கும் பொருள்களில் முதலிடத்தில் நிற்கும் பண்டம் அது.

டியூப் வழியாக மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். வீல்சேரில் மாற்றும்போது மடியில் தூக்கி வைக்காதீர்கள். மூத்திரம் திரும்பி உள்ளே போனால் தொற்று. முதுகுத்தண்டில் மேற்பகுதியில் அடிபட்டவருக்குத் திடீரென்று தலை பிளக்கும் வலி, முகம் சிவந்து வியர்வை வந்தால் உடனே உட்கார வையுங்கள், டியூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள், 108-ஐ அழையுங்கள். ரத்த அழுத்தம் ஏறுவதன் அறிகுறி அது, காத்திருக்கக் கூடாது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் உள்ள கூர்மையான பொருட்களை நகர்த்துங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சாவியோடு ஓடி வருவார். பணிவாக நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

9. ஏற்காடு என்றால் கூடுதலாக

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. தினம் ஏறி இறங்கும் வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மே மாதக் கோடை விழா நாட்களிலும் சனி ஞாயிறுகளிலும் மலைப்பாதையில் வண்டிகள் நகராது. அந்த நாட்களில் தாமதமாக வந்தால் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை போல உள்ளே இருக்கும் ஊர்கள் என்றால் தங்கித்தான் பார்க்க முடியும்.

மருந்து எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு இருக்கட்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வலிப்பு மாத்திரை தீர்ந்த வீட்டுக்கு அந்த நேரத்தில் யாரும் மேலே கொண்டுவர முடியாது.

குளிருக்குச் சுடுதண்ணீர்ப் பை, விறகடுப்புப் பக்கம் கால் நீட்டி உட்காருவது எல்லாம் எஸ்டேட் லைன் வீடுகளில் பழக்கம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்கு இரண்டும் கூடாது. கால் வெந்து கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. கம்பளி, காலுறை போதும். குளிக்கும் தண்ணீரையும் முதலில் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள்.

சரிவில் வீல்சேரை இறக்கும்போது நீங்கள் கீழ்ப்பக்கம் இருந்து, பின்பக்கமாக மெதுவாக இறக்குங்கள். முன்பக்கமாக விட்டால் அவர் முன்னால் சரிவார். மழையில் பாசி பிடித்த படிகளில் ஒரு ஆளாக இறக்காதீர்கள்.

10. அவருக்கு வர வேண்டிய பணமும் உங்கள் கையும்

வீட்டாருக்குத் தெரியாத சலுகைகளைச் சொல்லித் தருவது நல்லதுதான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்றால் குறைபாடு 75 சதவீதம் இருக்க வேண்டும்; அறிவுசார் குறைபாடோ தசைச்சிதைவோ என்றால் 40 சதவீதம் இருந்தால் போதும். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி), ஆதார், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். அதிக உதவி தேவைப்படுபவரின் உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியே உண்டு. "உனக்கு அரசாங்கம் ஆயிரம் தருதில்ல" என்று சம்பளத்தில் கழிக்காதபடி முன்பே பேசிவிடுங்கள். அலுவலகத்தில் காரியம் நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் பயணம் இலவசம். ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளும் அதில் வருகிறார்கள்.

இங்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏடிஎம் அட்டையைக் கையில் வாங்காதீர்கள், பின் எண்ணைத் தெரிந்துகொள்ளாதீர்கள், அவர் பெயரில் கையெழுத்துப் போடாதீர்கள், கைநாட்டு வாங்க விரலைப் பிடித்துக் கொடுக்காதீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் வேண்டுமென்றால் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் தலைமையிலான குழுதான் நியமிக்கும்; உதவியாளர் அந்த இடத்துக்கு வர முடியாது. கடையில் வாங்கிய சாமானுக்குப் பில்லை நோட்டிலேயே ஒட்டுங்கள்.

11. தகராறு, விலகல்

மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கில் அடிப்பது, பலர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, பொறுப்பில் இருப்பவர் சோறு தண்ணீர் மறுப்பது ஆகியவற்றுக்கு 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. உங்களுக்கும் பொருந்தும், வீட்டாருக்கும் பொருந்தும். "மூத்திரம் போவுது, தண்ணி கம்மியா கொடு" என்று சொல்லும் வீடுகள் உண்டு. நோட்டில் எழுதிவிட்டு, டாக்டரிடம் கேட்டுத்தான் குறைப்பேன் என்று சொல்லுங்கள்.

உங்களிடம் யாராவது தவறாக நடந்தால், வீடு என்பதால் புகார் கொடுக்க முடியாது என்று நினைக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் வீட்டுப் பணியாளர்களின் பாலியல் தொல்லைப் புகாரை மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழு எடுக்க வேண்டும். பெண்கள் 181-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

விலகும்போது முன்னறிவிப்பு நாட்களில் புதிதாக வருபவரைப் பக்கத்தில் வைத்து எல்லாம் காட்டுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை பார்த்தீர்கள் என்று வீட்டாரிடம் கையெழுத்தோடு கடிதம் வாங்குங்கள். அடுத்த வீட்டில் எந்தச் சான்றிதழைவிடவும் அதைத்தான் படிப்பார்கள். கடைசி மாதச் சம்பளம் கணக்கில் ஏறிய பிறகு சாவியை ஒப்படையுங்கள். நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும், கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். அது அவர் உடம்பின் கணக்கு.